பௌர்ணமி நாளில் பாலைவனம்

பிறரை ஊர் ஊராக இழுத்துக்கொண்டு அலைந்தே ஆயுளைக் கழித்தவனுக்கு, இப்போது வீட்டிலிருந்து டீக்கடை வரை நடப்பதுதான் சுற்றுலா. அதிலும் என்னை நிம்மதியாக விடுவதில்லை. ரங்கூன் லான்மடாவில் நான் வழக்கமாக உட்காரும் கடைக்குப் போன மாதம் செல்வி வந்தாள். எங்கள் பழைய கம்பெனியில் இப்போது டூர் லீடராக இருப்பவள். தமிழ் நன்றாகப் புரியும். பேச ஆரம்பித்தால் பாதி வழியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவாள்.

"அங்கிள், இப்பல்லாம் கெஸ்ட்டுங்க போன்லயே எல்லாம் புக் பண்ணிடுறாங்க. துபாய் போனா பாலைவனத்துக்குப் போற கார் தானா ஹோட்டல் வாசல்ல வந்து நிக்குது. அப்புறம் நீ எதுக்கும்மா கூட வர்றேன்னு கேக்குறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"எண்ணுறதுக்குன்னு சொல்லு" என்றேன்.

அவள் சிரித்தாள். நானும் விளையாட்டாகத்தான் சொன்னேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு டோ கின் யீ நினைவாகவே இருந்தது. அந்த அம்மாளை எண்ணுவது சுலபம், ஒரே ஆள். ஆனால் அந்த ஒரே ஆளை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் நான் பட்ட பாடு இருக்கிறதே, அதைச் செல்விக்காக எழுதி வைக்கிறேன். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. யாராவது வாசித்துக் காட்டட்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. அப்பா இன்சீன் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தார். எனக்கும் அங்கேயே இடம் வாங்கித் தரலாம் என்று நினைத்தார். எனக்கு இரும்புச் சத்தம் ஒத்துவரவில்லை. மிங்கலாடோன் விமான நிலையத்தில் பெயர் எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு சில வருடம் நின்றேன். அட்டையில் பெயர் தப்பாக இருந்தாலும், வருகிறவரின் முழியைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கப் பழகினேன். பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்குப் பகோடா எனப்படும் புத்தர் கோயில்களைச் சுற்றிக் காட்டினேன். அதற்குப் பிறகு காலம் மாறி, எங்கள் ஊர்க்காரர்களே வெளிநாடு பார்க்கக் கிளம்பியபோது சுலைமான் நானா என்னைக் கூப்பிட்டு, "இத்தனை நாள் வந்தவனுக்குக் காட்டுனே. இனிமே போறவனோட போ" என்றார். வீட்டில் மாணிக்கமாகவும் பாஸ்போர்ட்டில் பர்மியப் பெயரில் மின் மின்னாகவும் இருக்கிற நான், அன்றிலிருந்து கூட்டத்துக்குக் கோ மின், அதாவது மின் அண்ணன், ஆனேன்.

அண்ணன் முறையில் நாங்கள் நானா என்று கூப்பிட்ட அவர்தான் கம்பெனி முதலாளி. அவர் பாட்டனார் நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்து ரங்கூனில் கடை போட்டவர். நானா முதலில் மக்காவுக்கு உம்ரா போகிறவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து வந்தார். பிறகு தாய்லாந்து, சிங்கப்பூர், துபாய் என்று விரித்தார். லான்மடாவில் மாடி மேல் அலுவலகம். அவருக்கு நாற்காலி இருந்தது. அதில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. போன் வந்தால் எழுந்து நின்றுதான் பேசுவார், பேசிக்கொண்டே நடப்பார். அந்தக் காலத்தில் போனுக்கு ஒயர் இருந்ததால், அவர் நடக்கிற திசையைப் பார்த்து நாங்கள் குனிந்து வழிவிட வேண்டும்.

நாங்கள் எந்த நாட்டிலிருந்து பேசினாலும் மூன்று கேள்விதான் கேட்பார். "சாப்பிட்டாங்களா? எண்ணினியா? யாரு மூஞ்சியாவது தொங்கிக் கெடக்கா?" வரிசை மாறாது. முதல் கேள்விக்குச் சரியான பதில் வராவிட்டால் இரண்டாவது கேள்விக்குப் போகவே மாட்டார்.

எண்ணுவதற்கு அவர் ஒரு முறை வைத்திருந்தார். தலையை எண்ணக் கூடாது, செருப்பை எண்ண வேண்டும். "தலை அங்கேயும் இங்கேயும் போய்க்கிட்டிருக்கும். செருப்பு போட்ட எடத்துல கெடக்கும்" என்பார். எங்கள் ஊரில் பகோடாவுக்குப் போனால் எல்லாரும் படிக்கட்டின் கீழே செருப்பைக் கழற்றிவிட்டுத்தானே ஏற வேண்டும். கீழே நின்றுகொண்டு, அங்கே கிடக்கிற செருப்பைப் பார்த்தால் மேலே இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அதனால் பயணம் கிளம்புகிற அன்று விமான நிலையத்தில் எங்கள் கண் எல்லாம் கெஸ்ட்டின் கால் மேல்தான் இருக்கும். இன்றைக்கும் எனக்குப் பழைய கெஸ்ட்டுகளின் பெயர் மறந்துவிட்டது, செருப்பு மறக்கவில்லை.

நானாவின் இன்னொரு சட்டம், கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கக் கூடாது. "பிரிச்சியானா ஒரு பாதிக்குத்தான் நீ டூர் லீடர். மறு பாதி அனாதை" என்பார். எனக்கு முன்னால் இருந்தவர் பாங்காக்கில் பாதிப் பேரைக் கடைத்தெருவில் விட்டுவிட்டு மீதியைப் படகில் கூட்டிப்போனார் என்பதற்காக, அவரைத் திரும்பவும் மிங்கலாடோனில் அட்டை பிடிக்க அனுப்பிவிட்டார் நானா. அவர் அட்டையோடு நிற்பதைப் பார்த்துக்கொண்டேதான் நாங்கள் ஒவ்வொரு தடவையும் விமானம் ஏறுவோம்.

துபாய்ப் பயணத்தில் எல்லாருக்கும் பிடித்தது பாலைவனத்துக்குப் போகிற அரை நாள்தான். மதியம் மூன்று மணிவாக்கில் பெரிய பெரிய கார்கள் வரிசையாக ஹோட்டலுக்கு வரும். ஊரைத் தாண்டி, தார் ரோடு முடிகிற இடத்தில் நிறுத்தி, நாலு டயரிலும் காற்றைப் பாதி இறக்குவார்கள். அப்போதுதான் சக்கரம் மணலில் புதையாது. பிறகு மணல் மேடுகளில் ஏற்றி இறக்கி, வயிற்றில் இருப்பதெல்லாம் தொண்டைக்கு வருகிற மாதிரி ஓட்டுவார்கள். உயரமான ஒரு மேட்டில் நிறுத்தி சூரியன் மறைவதைக் காட்டுவார்கள். அதன் பிறகு கூடாரம். அங்கே வாசலில் அத்தர் தெளிப்பு, ஒட்டகச் சவாரி, மருதாணி, பாட்டு, பெண்கள் ஆட்டம், சுட்ட இறைச்சி. எல்லாம் முடித்து ஊர் திரும்ப இரவாகிவிடும்.

அந்த வருடம் தடிஞ்ஜுட் விடுமுறைக்கு ஒரு கூட்டம் கிளம்பியது. தடிஞ்ஜுட் என்றால் மழைக்கால விரத மூன்று மாதமும் முடிந்து ஊரே விளக்கேற்றும் பௌர்ணமி. அலுவலகமெல்லாம் மூடியிருக்கும் என்பதால் பயணத்துக்கு வசதியான நாள். நானா யோசித்து யோசித்து, பாலைவனத்தைச் சரியாகப் பௌர்ணமி அன்று வைத்தார். "மணல் மேல நிலா வந்தா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாரு" என்றார். நான் யோசித்துப் பார்த்தேன், பிரமாதமாக இருந்தது. நானா முஸ்லிம், நான் இந்து. எங்கள் அலுவலகத்தில் இருந்த ஒரே பௌத்தப் பெண் பண்டிகைக்காக முன்கூட்டியே லீவு போட்டுவிட்டாள். "பௌர்ணமி அன்னிக்கு எங்க வீட்டுப் பெரியவங்க என்ன செய்வாங்க தெரியுமா?" என்று கேட்க அங்கே ஆளில்லை.

பௌர்ணமி அன்று காலை பதினோரு மணிக்கு, ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்தில் டோ கின் யீ தனியாக உட்கார்ந்து தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயதை நெருங்கியவர், பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பழுப்பு வெல்வெட் செருப்பு. அன்று தோளின் குறுக்கே பழுப்பு நிறத் துண்டும் போட்டிருந்தார். ரங்கூன்காரனுக்கு அந்தத் துண்டைப் பார்த்தால் போதும், விரதம் என்று தெரிந்துவிடும். அவர் பர்மிய மொழியில் சொன்னதையெல்லாம் என் தமிழிலேயே தருகிறேன்.

"டோடோ, இன்னிக்குச் சீலமா?" என்று கேட்டேன். அந்த வயதுக்காரர்களை நாங்கள் அத்தை முறை வைத்து டோடோ என்றுதான் கூப்பிடுவோம்.

"பௌர்ணமிக்கு வேறென்ன? இது கடைசி. இன்னிக்கோட மூணு மாசமும் முடியுது."

எட்டுச் சீலம் என்றால் இதுதான். கொல்லாமை, பொய் சொல்லாமை போன்றவை எல்லா நாளும் உண்டு. விரத நாளில் கூடுதலாகச் சேர்வது, மதியத்துக்கு மேல் மறுநாள் விடியும் வரை சாப்பிடக் கூடாது. ஆட்டம் பாட்டம் பார்க்கக் கூடாது. வாசனை பூசக் கூடாது. உயர்ந்த, சொகுசான ஆசனத்தில் உட்காரக் கூடாது. நான் மனதுக்குள் நிகழ்ச்சி நிரலை ஓட்டிப் பார்த்தேன். இறைச்சி போயிற்று. ஆட்டம் போயிற்று. அத்தர் போயிற்று. ஒட்டகம் உயர்ந்த ஆசனமா இல்லையா என்று யாரிடம் கேட்பது? நானா பார்த்துப் பார்த்துப் போட்ட ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு சீலத்தில் போய் முட்டியது.

"மத்தவங்க யாரும் எடுக்கலையா, டோடோ?"

"வெளிநாட்டுல இருந்தா கணக்கில்லையாம். சிரிக்கிறாங்க."

"அப்ப நீங்க ஹோட்டல்லயே..."

"நான் மணலைப் பாக்கணும், கோ மின். ஒட்டகம் வேணாம், ஆட்டம் வேணாம். மணல் பாக்கக் கூடாதுன்னு புத்தர் எங்கயும் சொல்லல."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். அவர் கணவர் பூகோள ஆசிரியர். அவரை எல்லாரும் சயாஜி என்பார்கள், பெரிய வாத்தியார் என்று பொருள். ஆயுள் முழுக்கப் பிள்ளைகளுக்குப் பாலைவனம் சொல்லிக் கொடுத்தவர், கடற்கரை மணலைத் தவிர வேறு மணலை மிதித்ததில்லை. இந்தப் பயணத்துக்கு இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்தது அவர்தான். மழைக்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இறந்துபோனார். விரத மாதம் மூன்றிலும் பௌர்ணமி, அமாவாசை, அஷ்டமி ஒன்று விடாமல் சீலம் காத்து, அந்தப் புண்ணியத்தை அவருக்குக் கொடுப்பதாக டோ கின் யீ நேர்ந்துகொண்டார். அவர் பார்க்க நினைத்த பாலைவனத்தைத் தான் போய்ப் பார்ப்பதாகவும் நேர்ந்துகொண்டார். இரண்டும் ஒரே மனிதருக்காக. அந்த இரண்டையும் ஒரே சாயங்காலத்தில் கொண்டுவந்து மோதவிட்டிருந்தோம் நாங்கள். மறுநாள் சாயங்காலம் விமானம். மாற்றி வைக்க வேறு நாள் இல்லை.

மொட்டை மாடிக்குப் போய் நானாவுக்குப் போன் போட்டேன்.

"சாப்பிட்டாங்களா?" என்றார்.

"பதிமூணு பேர் சாப்பிடப் போறாங்க நானா. ஒருத்தங்க சாப்பிட்டாச்சு. இனிமே விடிஞ்சாத்தான் சாப்பிடுவாங்க."

கதையைச் சொன்னேன். நானா நடப்பது போனில் கேட்டது. நடை நின்றது.

"நோம்பாளியைக் கொண்டுபோய்க் கச்சேரியில உக்கார வச்சா அல்லா என்னைச் சும்மா விடுவானாடா?"

"அதுக்குத்தான் கேக்குறேன் நானா. அவங்களை ஹோட்டல்ல விட்டுட்டு..."

"கூட்டத்தைப் பிரிக்கப் போறியா?"

"இல்ல நானா."

"மணலைக் குடு, மத்ததைக் குடுக்காதே. இதுக்கா போன் பண்ணினே?" என்று வைத்துவிட்டார். இரண்டாவது கேள்விக்கு வரவே இல்லை.

மூன்று மணிக்கு மூன்று கார் வந்தது. கடைசிக் காரின் டிரைவர் இறங்கி என்னைப் பார்த்து, கையிலிருந்த தாளில் என் பாஸ்போர்ட் பெயரை வாசித்துவிட்டு ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். நான் கெஸ்ட்டைப் பார்த்துத் தமிழில் முனகியது அவன் காதில் விழுந்துவிட்டது. "அண்ணே, நம்மூரா?" என்றான். பெயர் யூசுப், ராமநாதபுரத்துக் கடற்கரைப் பக்கம். முப்பது வயது இருக்கும். நான் ரங்கூன் தமிழன் என்றதும் அவனுக்கு ஒரே குஷி. "ஹொக்கே, ஏறுவோமாங்கோ" என்று பர்மியச் 'சரி'யைக் கலந்து எங்கள் ஊர் வழக்கத்தில் நான் சொன்னதைக் கேட்டு, "அண்ணே, ஒங்க தமிழு எங்க வாப்பாவோட வாப்பா காலத்துத் தமிழா இருக்கே" என்று கேலி செய்தான். டோ கின் யீயையும் ஓர் இளம் தம்பதியையும் அவன் காரில் ஏற்றினேன்.

முன் சீட்டைப் பார்த்துவிட்டு டோ கின் யீ தயங்கினார். "இது உயரமா இருக்கே?" என்றார். உயரமும் சொகுசும் சேர்ந்தால்தான் தப்பு என்று நான் சொல்லிப் பார்த்தேன். மணல் மேட்டில் கார் முதல் தடவை ஏறி விழுந்தபோது, கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நீ சொன்னது சரி கோ மின், இதுல சொகுசே இல்ல" என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேட்டுக்கும் சிரித்தார். அந்த வயதில் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. பின்னால் இருந்த இளம் தம்பதிதான் கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தது.

அதற்கு முன், டயரில் காற்று இறக்கிய இடத்தில், "பெரியம்மா ஏன் துண்டு போட்டிருக்காங்க?" என்று யூசுப் கேட்டிருந்தான். "நோம்பு" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டு, படம் எடுக்க ஓடிய மற்றவர்களின் செருப்பை எண்ணப் போய்விட்டேன். முழுதாகச் சொல்லியிருந்தால் பின்னால் வந்த வினை வந்திருக்காது. பக்கத்தில் இருந்த கடைக்குள் யூசுப் போனதைப் பார்த்தேன். தண்ணீர் வாங்கப் போகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

சூரியன் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் உயரமான மேட்டுக்கு வந்து சேர்ந்தோம். எல்லாரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டோ கின் யீ மட்டும் குனிந்து மணலைப் பார்த்தார். காற்று போட்ட வரிகளைத் தொடாமல் விரலை மேலே ஓட்டினார். "அவர் போர்டுல இப்படித்தான் போடுவார். நான் நம்பினதே இல்ல" என்றார். பிறகு நிமிர்ந்து சுற்றிப் பார்த்து, தூரத்தில் தனியாக நின்ற ஒரு மரத்தைக் கண்டுபிடித்தார். அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! "மரமே இல்லாத இடம்னு கல்யாணம் ஆன நாளா சொன்னாரே! ஒண்ணு கூடவா இருக்காதுன்னு கேட்டா, பூகோளம் நீ படிச்சியா நான் படிச்சேனான்னு கேப்பார். அதோ நிக்குது பாரு!" மரத்தைப் படம் எடுக்கச் சொன்னார். சூரியன் மறைகிற திசையில் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் எதிர்ப்பக்கம் திரும்பி ஒரு முள் மரத்தைப் படம் எடுத்தேன்.

சூரியன் போனதும் கார்கள் ஹாரன் அடித்தன. கூடாரம் அந்த மேட்டின் அடிவாரத்திலேயே இருந்தது. மேலிருந்து பார்த்தால் விளக்கு, கம்பளம், ஒட்டகம் எல்லாம் தெரிந்தது. டோ கின் யீயையும் யூசுப்பையும் மேலேயே நிறுத்திக்கொண்டு, பதிமூன்று பேரையும் மற்ற இரண்டு காரில் நெருக்கி ஏற்றி அனுப்பினேன். கீழே இறங்கியதும் செருப்பைக் கம்பளத்தின் ஓரத்தில் விடுவார்கள் என்று எனக்குத் தெரியும். யூசுப்பின் கையில் இருந்த வாக்கிடாக்கியில் அவன் மேலாள் அரபியும் ஆங்கிலமும் கலந்து கத்தினார், ஏன் ஒரு கார் வரவில்லை என்று. யூசுப் ஒரே ஒரு அரபி வார்த்தை சொன்னான். கத்தல் அடங்கிவிட்டது. "கெஸ்ட்டு நோம்புன்னு சொல்லிட்டேண்ணே. இனிமே கேக்க மாட்டாரு."

இப்படியாக நான் கூட்டத்தைப் பிரிக்கவில்லை. மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம், அவ்வளவுதான். ஆனால் கீழே இருப்பவர்களை யார் எண்ணுவது? மணல் மேட்டில் இறங்கி ஓடினேன். கம்பள ஓரத்தில் பதிமூன்று ஜோடியும் கிடந்தன. திரும்ப ஏறினேன். மணலில் ஓர் அடி ஏறினால் முக்கால் அடி சறுக்குகிறது. ஓய்வு பெற இரண்டு வருடம்கூட இல்லாத ஆசாமி நான். அன்றைக்கு அந்த மேட்டில் எத்தனை தடவை ஏறி இறங்கினேன் என்று என் முழங்காலுக்குத்தான் தெரியும்.

முதல் தடவை மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தபோது இரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. வெல்வெட் ஒன்று, யூசுப்பின் தோல் செருப்பு ஒன்று. யூசுப் ஒரு துண்டை விரித்து, சூரியன் மறைந்த பக்கம் பார்த்து அந்தி நேரத்து மகுரிபு தொழுதுகொண்டிருந்தான். கிழக்கே நிலா பெரிதாக, மஞ்சளாக மணலிலிருந்து எழும்பியிருந்தது. டோ கின் யீ அந்தப் பக்கம் பார்த்து மண்டியிட்டு, ரங்கூன் இருக்கும் திசைக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். கீழே பாட்டு ஆரம்பித்துவிட்டது. அது காதில் விழாமல் இருக்க அவர் கொஞ்சம் உரக்கவே ஓதினார். ஒருவருக்கு ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேர். நடுவில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நான். நானா சொன்ன நிலாவும் மணலும் எனக்கு அப்போதுதான் பார்க்கக் கிடைத்தது. உண்மையிலேயே பிரமாதம்தான்.

யூசுப் தொழுது முடித்துக் காருக்கு ஓடினான். ஒரு தட்டில் பேரீச்சம்பழம், ஒரு பாட்டில் மோர், காகிதத்தில் சுற்றிய சமோசா. டோ கின் யீக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் தட்டை நீட்டினான்.

"பெரியம்மா, பாங்கு நேரம் ஆச்சு. நோம்பு தொறங்க."

கடைக்குள் அவன் எதற்குப் போனான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவன் அறிந்த நோன்பு சூரியன் மறையும்போது முடிகிறது. அவர் நோன்புக்கு இன்னும் ஓர் இரவு முழுக்க இருக்கிறது.

டோ கின் யீ தட்டைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் ஊரில் ஒருவர் இரண்டு கையால் கொடுப்பதை வேண்டாம் என்று தள்ளிப் பழக்கமில்லை. அதிலும் தொழுதுவிட்டு எழுந்து வந்து கொடுப்பவனை! கீழே அத்தனை பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்க, முன்பின் தெரியாத இந்த ஒருத்தருக்காகத் தன் காசில் வாங்கி வந்திருக்கிறான். வாங்காவிட்டால் அவன் முகம் வாடும். வாங்கிச் சாப்பிட்டால் மூன்று மாதமும் பாழ். அவர் கை தட்டை நோக்கிப் போனது. பாதியில் நின்றது. அவருக்கு உடம்பு சரியில்லை என்று யூசுப்பிடம் ஒரு பொய் சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது. அன்றைக்குப் பொய் சொல்லக் கூடாதது அவர்தான், நான் இல்லையே.

டோ கின் யீ இரண்டு கையாலும் தட்டை வாங்கி, நெற்றி வரை உயர்த்தி, மடியில் வைத்துக்கொண்டார்.

"கோ மின், இவர்கிட்ட நான் சொல்றதை அப்படியே சொல்லு. உங்க நோன்பு எந்த நேரத்துல தொடங்குமோ அந்த நேரத்துல என் நோன்பு முடியும். அதுவரைக்கும் இது என்கிட்ட பத்திரமா இருக்கும். நீங்க குடுத்த பழத்தாலதான் நான் நாளைக்கு முதல் வாய் சாப்பிடுவேன்."

அப்படியே சொன்னேன். யூசுப் என் பக்கம் திரும்பினான்.

"ராத்திரி பூரா சாப்பிட மாட்டாகளா?"

"தண்ணி குடிப்பாங்க. வடிகட்டின பழச்சாறு குடிக்கலாம்."

"சுபுஹானல்லா. நாம பகலெல்லாம் இருந்துட்டு ராத்திரி வளைச்சு வளைச்சுத் திங்கிறோம். இவுக அதையே புரட்டிப் போட்டுருக்காகளே!" "எப்பண்ணே தொறப்பாக?"

"விளக்கு இல்லாம உள்ளங்கை ரேகை தெரியணும். அப்பத்தான் விடிஞ்சதா கணக்கு."

"நாளைக்கு வியாழன். வியாழக்கிழமை நான் நோம்பு வைக்கிற நாளு. அப்ப விடியுறதுக்கு முன்னால ஒங்க ஹோட்டலுக்கே வந்து சஹர் சாப்பிடுறேன்."

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். கீழே போய் எண்ணிவிட்டு வந்தேன். அவன் எலுமிச்சம்பழம் பிழிந்து, தன் கைக்குட்டையிலேயே வடிகட்டி, டோ கின் யீக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். கைக்குட்டை சுத்தமா என்று நான் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது.

மறுநாள் இன்னும் இருட்டாக இருக்கும்போதே வரவேற்பு மேசையிலிருந்து என் அறைக்குப் போன் வந்தது. உங்களைத் தேடி ஒரு டிரைவர் வந்திருக்கிறார் என்றார்கள். கீழே போனால், ஹோட்டலின் பக்க வாசலில், காவலாளியின் பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டு, யூசுப் பரோட்டாவும் ஃபிளாஸ்க்கில் டீயும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டோ கின் யீ எனக்கு முன்னாலேயே வந்து எதிரில் அமர்ந்திருந்தார். பேரீச்சம்பழத் தட்டு மடியில் இருந்தது. இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூடக் கிடையாது. இருந்தும் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

யூசுப் அவசர அவசரமாகச் சாப்பிட்டான். எனக்கும் ஒரு பரோட்டா கொடுத்தான். பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் வாயைக் கொப்பளித்துவிட்டு, "என் கடையைப் பூட்டியாச்சு. பெரியம்மா, இனிமே ஒங்க கடைதான்" என்றான். நான் மொழிபெயர்த்தேன். டோ கின் யீ உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். வானத்தில் ஒரு வெள்ளைக் கீறல்தான் தெரிந்தது, கையில் ஒன்றும் தெரியவில்லை. இல்லை என்று தலையாட்டினார். யூசுப் உதவி செய்கிற ஆர்வத்தில் கைபேசி விளக்கை அவர் கை மேல் அடித்தான். அவர் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடிப்பது போல அவன் கையில் ஒன்று வைத்தார். "அது திருட்டு வெளிச்சம்!"

இப்படி அவன் நோன்பு தொடங்கிவிட்டது, அவர் நோன்பு இன்னும் முடியவில்லை. கொஞ்ச நேரம் அந்த இடத்தில் இரண்டு பேருமே நோன்பாக இருந்தார்கள். நான் மட்டும்தான் பாதிப் பரோட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு, மெல்வதா விழுங்குவதா என்று தெரியாமல் விழித்தேன்.

வெளிச்சம் மெல்ல வந்தது. டோ கின் யீ மறுபடி கையை விரித்தார். கண்ணருகே கொண்டுபோனார். "தெரியுது" என்றார்.

ஒரு பழத்தை எடுத்தவர் வாயில் வைக்காமல் கையைக் கூப்பினார். சேர்த்த புண்ணியத்தைப் பங்கு கொடுக்கும்போது எங்கள் ஊரில் "அமியா, அமியா, அமியா" என்று உரக்கக் கூப்பிட்டு, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வார்கள். கேட்பவர்கள் "சாது" என்று சொல்ல வேண்டும். டோ கின் யீ கூப்பிட்டார். "சயாஜி, மூணு மாசமும் முடிஞ்சிருச்சு. ஒரு நாள்கூட விடல. எங்க இருந்தாலும் வந்து வாங்கிக்கங்க." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது. எனக்கும் கண் கலங்கிவிட்டது. "சாது, சாது, சாது" என்றேன்.

ஒரு வார்த்தை புரியாத யூசுப், கூப்பிய கையையும் அழுகிற முகத்தையும் பார்த்துவிட்டுத் தன் இரண்டு கையையும் ஏந்தி, "ஆமீன்" என்றான்.

"என்ன சொல்றார்?" என்று டோ கின் யீ என்னைக் கேட்டார்.

"அவரும் சாதுன்னுதான் சொல்றார், டோடோ."

அவர் தலையசைத்துவிட்டு, பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.